துயரின் பின் அரும்பும் காதலும் தமிழ் நாவலும்

நாவல் படித்தல் வீண் பொழுதுபோக்கு என்று கூறுவாரும், அதனினும் ஒருபடி மேற்சென்று, காதற்கதை படித்தல் மாணாக்கர்க்குக் கேடு என்று கூறுவாரும் நம்மிடையே இன்றும் உளர். அவர்களோடு வாதாடுவது ஈண்டு நம் நோக்கமன்று. ஒரு சமூகம் எவ்வகைக் காதலைக் கதையாக எழுதத் துணிகின்றது, எவ்வகைக் காதலை எழுதாது விடுகின்றது என்பதைக் கொண்டு அச்சமூகத்தின் உள்ளத்தை ஒருவாறு அளந்தறியலாம் என்பது நம் கொள்கை. அவ்வாறு நம்மவர் பெரும்பாலும் எழுதாது விட்ட ஒன்றைப்பற்றியே இங்குச் சில சொல்லப் புகுகின்றோம். அஃது, அன்புடைய கணவனை இழந்து மெய்யாகவே துயருற்ற ஒரு பெண், காலம் சென்றபின் மற்றொருவரிடத்து மீண்டும் அன்பு கொள்ளும் கதையாம்.

இவ்வெண்ணம் நமக்குப் புத்தகத்தினின்று பிறந்ததன்று. நாம் வாழும் சாத்தாங்காட்டிலே பிறந்தது. திருவொற்றியூர்க்கும் மணலிக்கும் இடையே, இரும்பு எஃகுச் சந்தையும், இரவு பகலாக வந்து நிற்கும் லாரிகளும், கடற்காற்றோடு கலந்த எண்ணெய் நாற்றமுமாக உள்ள ஊர் இது. நம் தெருவில் ஓர் அம்மையார் இருக்கின்றார். அவர் கணவர் அச்சந்தையில் இரும்புத் தகடு ஏற்றி இறக்கும் தொழிலாளி. கணவனும் மனைவியும் எத்துணை அன்போடு வாழ்ந்தனர் என்பது தெரு முழுவதும் அறிந்தது. அவர் நோயுற்று இறந்தபோது அம்மையார் உற்ற துயரமும் யாவரும் அறிந்ததே. ஆண்டுகள் சில கழிந்தன. மனைவியை இழந்த மற்றொரு தொழிலாளி அவரை மணந்துகொள்ள விரும்பினார்; அம்மையாரும் இசைந்தார். இந்நாளில் இதை வெளிப்படையாகப் பழிப்பார் எவருமிலர். ஆயினும் ஒரு கேள்வி எழுந்தது. முதற்கணவரின் படம் கூடத்துச் சுவரில் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதை இனி என் செய்வது?

சிலர், "படத்தை எடுத்துவிட வேண்டும், புதிதாய் வருபவர் மனம் கோணாதா?" என்றனர். வேறு சிலர், "படத்தை எடுக்க மனம் வராதவள் இன்னொரு தாலிக்கு ஏன் கழுத்தை நீட்ட வேண்டும்?" என்றனர். இவ்விரு கூற்றும் ஒன்றற்கொன்று மாறானவைபோலத் தோன்றினும், உற்று நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றே. உள்ளத்தில் ஒருவர்க்கு மேல் இடமில்லை என்பதே இரண்டிற்கும் அடிப்படை. இறந்தவரைப் பெற்ற தாயாகிய முதியவள் ஒருத்தி மட்டும், "படம் அங்கேயே இருக்கட்டும்மா. அவனுக்கும் இடம் இருக்கு, இவருக்கும் இடம் இருக்கு" என்றாள். எழுத்தறியாத அம்மூதாட்டி கண்ட இவ்வுண்மையைக் கூறும் தமிழ் நாவல் யாதென்று நாம் தேடத் தொடங்கினோம். அத்தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

முதலில் பழந்தமிழர் நெறியை நோக்குவோம். தொல்காப்பியனார் காஞ்சித்திணையின் துறைகளைக் கூறுமிடத்து, மனைவியை இழந்த கணவனது நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தவள் நோன்பு பூண்டு ஒழுகும் நிலையைத் தாபத நிலை என்றும் வகுத்தார். புறநானூற்றில் இத்துறைகட்கு உரிய பாட்டுக்கள் உள்ளத்தை உருக்குவன. துயரத்தை நம் முன்னோர் மறைக்கவில்லை; அதற்குப் பெயரிட்டனர்; துறை வகுத்தனர்; பாடினர். ஆயினும் அத்துயரத்தின் பின் ஒரு நாள் மீண்டும் தளிர்க்கும் அன்பிற்கு ஒரு துறை வகுத்ததாக நாம் காணவில்லை. கைம்பெண்ணின் வாழ்வு துயரத்தோடு தொடங்கித் துயரத்தோடே முடிந்துவிட்டது.

இனி, பிற்காலச் சரித்திரத்துக்கு வருவோம். ஈசுவர சந்திர வித்தியாசாகரர் முதலியோரின் முயற்சியால் 1856ஆம் ஆண்டில் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் நிறைவேறியது. அது பெரிய நன்மையே. ஆனால் அதன் 2ஆம் பிரிவைப் படிப்பார் திடுக்கிடாதிரார். மறுமணம் செய்துகொள்ளும் பெண், முதற்கணவன் சொத்தில் தனக்குள்ள உரிமையை, அவள் அன்றே இறந்துவிட்டாற்போல இழந்துவிடுவாள் என்று அச்சட்டம் விதித்தது. புது வாழ்வு வேண்டுமாயின் பழைய வாழ்வில் நீ இறந்தவளாக வேண்டும் என்பது இதன் பொருளன்றோ? சுவரிலுள்ள படத்தை எடுத்துவிடு என்றவர் கூற்றும் இதுவே. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் முழு உரிமை அளித்தது; பழைய சட்டம் 1983இல் நீக்கவும் பட்டது. ஆயினும் சட்டத்தினின்று நீங்கிய எண்ணம் மனத்தினின்று நீங்கிற்றில்லை.

சட்டம் பிறந்தும் நடைமுறை எளிதில் வரவில்லை. 1881ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11ஆம் நாள் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு இராஜமகேந்திரபுரத்தில் முதல் விதவா விவாகத்தை நடத்திவைத்தார். "ஹிந்து" பத்திரிகையையும் "சுதேசமித்திரனை"யும் தோற்றுவித்தவர்களுள் தலைவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889இல் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, இளமையிலே கைம்மையுற்ற தம் மகளுக்கு அந்நகரில் மறுமணம் செய்வித்தார். அதனால் உற்றாரும் ஊராரும் அவரை ஒதுக்கிவைத்தனர். பிறர்க்கு உபதேசம் செய்தல் எளிது. தம் மனையில் செய்து காட்டல் அரிது. இவ்வரிய செயல்களின் நடுவிலேதான் தமிழ் நாவலும் பிறந்து வளர்ந்தது.

இவ்விஷயத்தை எடுத்துக்கொண்ட நாவலாசிரியருள் முதலிடம் அ. மாதவையாவுக்கு உரியது. 1872ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பெருங்குளத்தில் பிறந்த இவர், சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் மில்லர் துரைமகனாரின் காலத்தில் பயின்றவர். மிஷன் கலாசாலை மாணாக்கர் ஒருவர் தம் மதத்தை விடாமலும், தாம் கற்ற நீதியைக் கைவிடாமலும் எழுதியவை அவருடைய நூல்கள். உத்தியோகமோ உப்பு இலாகாவில். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்துப் பழகிய நம்மனோர்க்கு, உப்பளக் கணக்குப் பார்த்த கையே பெண்களின் கண்ணீரையும் கணக்கிட்டது என்பது தனியே நெஞ்சைத் தொடும் செய்தியாகும். 1892இல் "விவேக சிந்தாமணி"யில் "சாவித்திரி சரித்திரம்" என்று அவர் தொடங்கிய கதை சில பகுதிகளோடு நின்றது. அதுவே 1903இல் "முத்துமீனாக்ஷி" என்னும் நூலாயிற்று. பெண்ணொருத்தி தன் சரித்திரத்தைத் தானே கூறுவதாக அமைந்த நூல் அது. பால்ய விவாகம், மாமியார் கொடுமை, கைம்மை, பின்னர் மறுமணம் என்று கதை செல்கின்றது. அக்காலத்தில் இங்ஙனம் எழுதுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஆயினும் ஒன்று கூறாதிருத்தல் இயலாது. முத்துமீனாக்ஷி முதற்கணவனை அறியாப் பருவத்தில் மணந்தவள். அவ்வில்லறத்தில் அவள் கண்டது துன்பமே. ஆகவே அவள் மறுமணம் புரிந்தபோது படிப்பவர் உள்ளத்தில் பெரும்பாலும் ஆறுதலே எழுகின்றது, போராட்டம் எழுவதில்லை. அவள் எவரையும் மறக்க வேண்டியதில்லை. மறக்கத்தக்க அன்பு ஒன்றும் அங்கு இருந்ததில்லை.

மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய "கிளாரிந்தா" என்னும் நாவலும் இத்தகையதே. இது சரித்திர சம்பந்தமுடையது. தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமண குலத்து மாது ஒருவர், கைம்மையுற்றபின் லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவரோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். விவாகமின்றி இருவரும் வாழ்ந்தமையால் சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின் 1778இல் அம்மாது கிளாரிந்தா என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். 1785இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று பாளையங்கோட்டை மக்கள் வழங்கிவருகின்றனர். மாதவையாவின் நாவலில் கதாநாயகி முதியவர் ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டு, அவர் இறந்ததும் உடன்கட்டை ஏற்றப்படும் தறுவாயில் ஆங்கிலேயரால் காக்கப்படுகின்றாள். சிதையினின்று மீண்டவள் காதலிக்கின்றாள் என்பது எத்துணை உயர்ந்த கற்பனை! எனினும் இங்கும் முதற்கணவனிடத்து அவளுக்குக் காதல் இருந்ததில்லை.

இதே நூல் மற்றோர் உண்மையை நமக்கு உணர்த்துகின்றது. கிளாரிந்தாவின் மெய்யான துயரம் லிட்டில்டனை இழந்தபோது வந்தது. அத்துயரத்தின்பின் அவர் வேறொருவரை மணந்திலர். தம் அன்பை ஆலயத்துக்கும் ஏழைகட்கும் ஈந்தார். கணவனை இழந்த ஒவ்வொருத்தியும் மறுமணம் செய்தே தீரவேண்டும் என்பது நம் கருத்தன்று. இளமையிலே கைம்மையுற்று, கல்வி கற்று, விதவைச் சிறுமியர்க்குச் சென்னையில் இல்லமும் பள்ளியும் அமைத்த சகோதரி சுப்பலக்ஷ்மியின் தனிவாழ்வு எந்த இல்லறத்துக்கும் குறைந்ததன்று. தனித்திருத்தலும் துணைகொள்ளலும் அவளவள் உள்ளத்தின் உரிமையாக இருத்தல் வேண்டும். ஊரார் கட்டளையாக இருத்தல் ஆகாது என்பதே நாம் கூறுவது.

இனி, சுப்பிரமணிய பாரதியார் எழுதத் தொடங்கி முடிக்காமற்போன "சந்திரிகையின் கதை"யை எடுத்துக்கொள்வோம். பூகம்பத்தில் வீடு இடிந்த வேளையில் குழந்தையைப் பெற்றுவிட்டு உயிர்விடும் கோமதி, தன் நாத்தியாகிய விசாலாக்ஷியை நோக்கி, நீ மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றாள். விசாலாக்ஷி பால்ய விதவை. அவள் சென்னைக்கு வருகின்றாள். மெய்யாக வாழ்ந்த வீரேசலிங்கம் பந்துலுவும் ஜி. சுப்பிரமணிய ஐயரும் அக்கதையில் பாத்திரங்களாகவே தோன்றுகின்றனர். விசாலாக்ஷிக்கு விவாகமும் ஆகின்றது. சாகும் தறுவாயிலுள்ள ஒருத்தி, வாழப்போகும் மற்றொருத்திக்கு வாழ்வை ஆசீர்வாதமாகக் கொடுத்துச் செல்லும் அக்காட்சி தமிழ் உரைநடையில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்பது நம் துணிபு. ஆனால் விசாலாக்ஷியும் தன் முதற்கணவனுக்காக அழுதவளல்லள்.

பின் வந்த நாவல்களிலும் இதுவே பெரும்பாலும் காணப்படுகின்றது. தி. ஜானகிராமன் 1966இல் வெளியிட்ட "அம்மா வந்தாள்" நாவலில் இந்து என்னும் இளங்கைம்பெண் அப்புவைக் காதலிக்கின்றாள். அக்காதலின் வேகம் படிப்பாரை நடுங்கச் செய்கின்றது. எனினும் அவள் கூறுவது யாது? தன் மனம் தொடக்கமுதல் அப்புவிடமே இருந்தது என்பதன்றோ? ஆகவே அதுவும் முதற்காதலின் கதையே. துயரின் பின் பிறந்த இரண்டாவது காதலின் கதையன்று.

இந்நான்கு கதைகளையும் சேர்த்துப் பார்ப்பார்க்கு ஒன்று விளங்கும். தமிழ் நாவல் கைம்பெண்ணுக்கு மறுமணத்தை அளிக்க முன்வந்தது. ஆனால் அவள் முன்னர் காதலித்திருக்கலாகாது என்னும் நிபந்தனையோடு முன்வந்தது. இதற்குக் காரணம் அறிதல் கடினமன்று. அக்காலச் சீர்திருத்தக்காரர் வைதிகரோடு வாதாடும்போது, "கணவன் முகத்தையே நன்கு அறியாத குழந்தையை ஏன் வருத்துகின்றீர்கள்?" என்று கேட்டனர். அவ்வாதம் நியாயமானது, எதிரியை வாயடைக்க வல்லது. நாவலாசிரியரும் அவ்வாதத்தையே கதையாக்கினர். வழக்கிற் வெல்லுதற்கு எளிய சாட்சியை முதலில் நிறுத்துதல் வக்கீலுக்கு அழகாகலாம். ஆனால் வழக்கு முடிந்தபின்னும் நாம் அரிய சாட்சியை அழைக்கவில்லை. அன்போடு வாழ்ந்து, கணவனைப் பறிகொடுத்து, அழுது, மீண்டும் ஒரு நாள் சிரிக்கத் துணிந்தவள் இன்னும் கூண்டில் ஏறவில்லை.

பிற இலக்கியங்களில் இவ்வரிய கதை இல்லையோ எனின், உண்டு. நம் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பெற்ற டிக்கன்ஸின் "டேவிட் காப்பர்பீல்ட்" 1850இல் முற்றுப்பெற்றது. டேவிட் தன் இளமனைவி டோராவை மெய்யாகவே நேசித்தான். அவளை இழந்து மெய்யாகவே வருந்தினான். வெளிநாடுகளில் அலைந்து தேறிய பின்னரே ஆக்னெஸை மணந்தான். தான் விட்டுச்செல்லும் இடத்தை ஆக்னெஸே நிரப்ப வேண்டும் என்று டோரா சாகும்போது கேட்டுக்கொண்ட செய்தி கதையின் இறுதியில் வெளியாகின்றது. அங்குப் புதுக்காதல் பழங்காதலைக் கொன்றதில்லை. பழங்காதலே புதுக்காதலை வாழ்த்தியது. ஆனால் இது மனைவியை இழந்த ஆண்மகனின் கதை.

பெண்ணின் கதை வேண்டுவோர் வேதாகமத்தில் ரூத்தின் சரித்திரத்தைப் படிக்கக் கடவர். மோவாப் தேசத்தவளாகிய ரூத் கணவனை இழந்தவள். அவள் மாமியார் நகோமி கணவனையும் புதல்வர் இருவரையும் இழந்தவள். மாமியாரை விட்டுப் பிரிய மனமின்றி ரூத் பெத்லெகேமுக்கு வந்து, வாற்கோதுமை அறுப்புக் காலத்தில் வயலிற் கதிர் பொறுக்கி இருவர் வயிற்றையும் நிரப்பினாள். அவ்வயலுக்குடைய போவாஸ் அவளை மணக்கும்படி வழிசெய்து கொடுத்தவர் யார்? இறந்தவனைப் பெற்ற தாயே. அவ்விவாகத்தின் நோக்கங்களுள் ஒன்று இறந்தவனுடைய பெயர் அழியாதிருத்தல் என்பதும் அங்குக் கூறப்பெறுகின்றது. ஓபேத் பிறந்தபோது அவனை மடியில் வைத்து வளர்த்தவளும் நகோமியே. இறந்தவனை மறப்பதன்று, இறந்தவன் பெயரையும் அவன் தாயையும் சுமந்துகொண்டே புதிய மனையில் புகுவதன்றோ ரூத்தின் மறுமணம்? நம் தெருவின் மூதாட்டியும் நகோமியும் ஒரே மொழி பேசுகின்றனர்.

இங்கே, "கற்பு என்னாவது? உண்மைக் காதல் ஒருமுறையே வரும் அன்றோ?" என்று தடை கூறுவார் உளர். அவர்களை நம் ஊர்க்கு அண்மையிலுள்ள திருவொற்றியூர்க் கோயிலின் மகிழமரத்தடிக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். திருவாரூரில் பரவையார் உயிரோடு இருக்கவே, சுந்தரர் இவ்வூரில் சங்கிலியாரைக் கண்டு காதல்கொண்டு, பிரியேன் என்று அம்மரத்தின் கீழ்ச் சூளுரைத்து மணந்தார் என்று பெரியபுராணம் கூறும். அவர் தண்டனை பெற்றதும் இரண்டாவது காதல் கொண்டதற்காக அன்று, சூளுறவு தவறியதற்காகவே. ஆணொருவனுக்கு, மனைவி உயிரோடிருக்கும்போதே, இரண்டாவது காதல் உண்டாகலாம் என்று நம்பும் உலகம், பெண்ணொருத்திக்கு, கணவன் மறைந்து பல்லாண்டு கழிந்தபின்னும் அஃது உண்டாகாது என்று கூறுவது என்ன நியாயம்? கற்பென்பது அன்பிற் பொய்யாமை. இறந்தவரிடத்து வைத்த அன்பும் பொய்யன்று. இருப்பவரிடத்து வைக்கும் அன்பும் பொய்யன்று.

இஃது ஏட்டளவில் நிற்கும் விவகாரமன்று. இராயபுரம் முதல் எண்ணூர்வரை நீண்ட இக்கரையில் வாழும் மீனவர்க்கும், துறைமுகத் தொழிலாளர்க்கும், லாரி ஓட்டுநர்க்கும், ஆலையிற் பணிபுரிவார்க்கும் மரணம் தூரத்துச் செய்தியன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை இக்கரை மறக்கவில்லை. இங்குள்ள கைம்பெண் முத்துமீனாக்ஷியைப்போன்ற குழந்தையல்லள். அவள் முப்பது நாற்பது வயதினள், பிள்ளைகளை உடையவள், கணவனோடு சிரித்தும் சண்டையிட்டும் வாழ்ந்தவள். தமிழ்நாட்டு அரசாங்கம் 1975ஆம் ஆண்டு முதல் டாக்டர் தருமாம்பாள் அம்மையார் நினைவாக விதவை மறுமண உதவித் திட்டத்தை நடத்திவருகின்றது. அவ்வுதவி போற்றத்தக்கதே. ஆனால் அரசாங்கம் பொருள் கொடுக்கலாம். சொல் கொடுக்க இயலாது. தன் உள்ளத்தில் நிகழ்வது துரோகமா வாழ்வா என்று இரவில் தனித்துக் கலங்கும் பெண்ணுக்கு, "உன்போன்றாள் ஒருத்தி முன்னும் இருந்தாள்" என்று கூறும் கடமை இலக்கியத்தினது. அச்சொல் கிடைக்காத இடத்தில் ஊர்வாயே இலக்கியமாகிவிடுகின்றது.

ஆதலின் இம்மலரைப் படிக்கும் இளைய எழுத்தாளர்க்கு நம் விண்ணப்பம் இது. துயரின் பின் வரும் காதலைப்பற்றி ஒரு நாவல் எழுதுங்கள். அதில் முதற்கணவனைக் கொடியவனாகவோ கிழவனாகவோ ஆக்கிவிடாதீர்கள். அவனை நல்லவனாகவே படையுங்கள். துயரத்தை ஓர் அதிகாரத்தில் முடித்துவிடாதீர்கள். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்திலும், இருவர்க்கென்று பொங்கிப் பழகிய கை தவறி அதிகமாக அளந்துவிடும் அரிசியிலும் அது நெடுங்காலம் தங்கும் என்பதைக் காட்டுங்கள். புதிதாக வருபவனைக் காப்பாற்ற வந்த வீரனாக்காதீர்கள். அவனும் இழந்தவனாகவும், காத்திருக்க அறிந்தவனாகவும் இருக்கட்டும். தாயின் மறுமணத்தைக் கண்டு முகம் திருப்பிக்கொள்ளும் மகனுக்கும் அவன் நியாயத்தைப் பேச இடங்கொடுங்கள். இறுதியில் திருமணத்தோடு கதையை முடிக்காமல், அடுத்த நினைவுநாள்வரை கொண்டுசெல்லுங்கள்.

ஏனெனில் நம் தெருவில் கதை அந்நாளிலேதான் நிறைவுற்றது. திருமணம் முடிந்த பின்னர் வந்த முதல் நினைவுநாளன்று, கூடத்துப் படத்துக்குரிய மாலையைத் திருவொற்றியூர்ச் சந்நிதித் தெருவிலிருந்து வாங்கிவந்தவர் புதுக்கணவரே. நாற்காலியின்மேல் ஏறிப் படத்தைத் துடைத்து மாலையிட்டவரும் அவரே. மூதாட்டி ஒன்றும் கூறாமல் எல்லார்க்கும் இலை போட்டாள். அவ்வீட்டில் இடம் போதாமற் போகவில்லை. தமிழ் நாவலிலும் போதாமற் போகாது என்பது நம் நம்பிக்கை.